ஐயோ வருகிற இடத்தில் இங்கிலீஷில் என்ன சொல்வது?

இலங்கை மலையகத்தில் எல்ல, நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் கெஸ்ட் ஹவுஸிலோ தேயிலைத் தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வசனம் ஓரளவுக்கு வரும். அறை வாடகை சொல்லுவார்கள், நானுஓயாவில் ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்லுவார்கள். அதற்குப் பாடசாலையில் படித்ததே போதும். தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். மழை ஈரத்தில் விருந்தினர் ஒருவர் படியில் வழுக்கி விழுகிறார். இன்னொருவர் இன்று தனக்குக் கல்யாண நாள் என்கிறார். வேறொருவர் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க விடியற்காலையிலேயே ஹோட்டன் சமவெளிக்குப் போய், வெறும் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் நம் வாயில் ‘ஐயோ’ வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. பேசாமல் நிற்கிறவரைப் பார்த்தால், இவருக்கு நம்மேல் அக்கறையில்லை என்றுதான் வந்தவருக்குத் தோன்றும்.

இப்படி உணர்ச்சியைக் காட்டும் சின்னச் சொற்களை இங்கிலீஷ் இலக்கணத்தில் இன்டர்ஜெக்‌ஷன் என்பார்கள். இவை காலம் காட்டாது, ஒருமை பன்மை கிடையாது, எழுவாய் பயனிலையோடும் ஒட்டாது. அதனால் இதில் இலக்கணப் பிழை விடுவதற்கு வழியே இல்லை. பிழையெல்லாம் இடத்திலும் தொனியிலும்தான் வரும். ஆகவே சொல் பட்டியலைப் பாடமாக்குவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

முதல் படி: ஆறு சொல் போதும்

பழைய இலக்கணப் புத்தகங்களில் இந்தப் பாடம் ‘ஹுர்ரா’, ‘அலாஸ்’ என்ற இரண்டோடு தொடங்கும். முதலாவது மகிழ்ச்சிக்கு, இரண்டாவது துக்கத்துக்கு. பரீட்சைக்குத் தெரிந்து வைத்திருங்கள், வாயால் சொல்ல வேண்டாம். இன்றைய பேச்சில் ‘அலாஸ்’ என்கிறவர் பெரும்பாலும் விளையாட்டாகத்தான் சொல்வார். ஒருவர் வீட்டுச் சாவுச் செய்தியைக் கேட்டு ‘அலாஸ்’ என்றால் மேடை நாடகம் மாதிரி ஆகிவிடும். வெற்றி மகிழ்ச்சிக்கும் இப்போது ‘யெஸ்!’ அல்லது ‘யே!’ என்பதுதான் வழக்கம்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த ஆறு: ஓ, ஓ நோ, வாவ், அவுச், ஊப்ஸ், ஃபியூ.

இதில் ‘ஓ’வுக்குத்தான் வேலை அதிகம். புதிதாக ஒரு செய்தி காதில் விழுந்தது என்பதற்கு அது அடையாளம். “என் அம்மா பதுளையில் பிறந்தவர்” என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்கிறார் என்று வையுங்கள். “ஓ, ரியலி?” என்றால் அவர் மேற்கொண்டு பேசுவார். வெறும் “யெஸ்” என்றால், அது உங்களுக்கு முன்பே தெரிந்த கதை போல ஆகிவிடும், பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

‘வாவ்’ நம் ‘அடேயப்பா’. ‘ஃபியூ’ நம் ‘அப்பாடா’. சிவனொளிபாதமலையின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளையும் ஏறி முடித்து உட்காரும்போது வருவது அதுதான். எழுத்தில் பி, எச், இ, டபிள்யூ என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், மூச்சை உதட்டால் ஊதி விட்டால் அந்தச் சத்தம் தானாக வரும். ‘அவுச்’ வலிக்கு. நமக்கு வலித்தால் ‘அம்மா!’ என்று கத்துவோம், அதை அப்படியே இங்கிலீஷாக்கி ‘மதர்!’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ‘அவுச்’ உடம்பு வலிக்கு மட்டும் இல்லை. பில்லைக் கையில் வாங்கியதும் விருந்தினர் சிரித்துக்கொண்டே ‘அவுச்!’ என்றால் விலை கடித்துவிட்டது என்று பொருள். மருந்துப் பெட்டியைத் தேடி ஓடாதீர்கள்.

இரண்டாம் படி: ‘ஊப்ஸ்’ எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

நான் பார்த்தவரையில் அதிகம் இடறுவது இந்தச் சொல்லில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘ஊப்ஸ்’ சின்னப் பிசகுக்கு உரியது. அந்தப் பிசகு உங்களுடையதாக இருக்க வேண்டும், உடனே சரிசெய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பிளேன்டீ கொண்டுவரும்போது சாசரில் கொஞ்சம் தளும்பிவிட்டது: “ஊப்ஸ், ஸாரி!” சரி. ஏழாம் அறைச் சாவியைக் கொடுப்பதற்குப் பதில் எட்டாம் அறைச் சாவியை நீட்டிவிட்டீர்கள்: “ஊப்ஸ், ராங் கீ!” அதுவும் சரி.

அதே கொதிக்கும் தேநீர் விருந்தினரின் மடியில் கொட்டினால் ‘ஊப்ஸ்’ வாயிலேயே வரக்கூடாது. அது அவர் வேதனையை விளையாட்டாக எடுத்துக்கொண்டது போல ஆகும். அங்கே வேண்டியது “ஓ மை குட்னஸ், ஐ’ம் ஸோ ஸாரி! ஆர் யூ ஆல் ரைட்?” சொல்லிக்கொண்டே குளிர்ந்த தண்ணீருக்கு ஓட வேண்டும்.

இன்னொருவர் விழும்போதும் ‘ஊப்ஸ்’ கூடாது. தேயிலை மலைப் பாதையில் ஒருவர் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், வழிகாட்டி ‘ஊப்ஸ்!’ என்கிறார் என்றால், விழுந்தவர் காதில் அது சிரிப்பாகத்தான் கேட்கும். விழுவதற்கு முன்பானால் “கேர்ஃபுல்!” விழுந்த பிறகானால் “ஓ நோ! ஆர் யூ ஆல் ரைட்?” தடுக்கி விழுந்த கைக்குழந்தையைத் தூக்கும்போது மட்டும் ‘ஊப்ஸி டெய்ஸி’ என்று கொஞ்சுவார்கள், அது தனிக் கணக்கு.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயத்து வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் தலையை இடித்துக்கொள்வது வழக்கம். இடித்த பிறகு ‘ஓ நோ’ சொல்வதைவிட, முன்னாலேயே “மைண்ட் யுவர் ஹெட்!” என்று சொல்லப் பழகுங்கள். அது தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற எச்சரிக்கை.

மூன்றாம் படி: சொல்லுக்குப் பின்னால் ஒரு வசனம்

உணர்ச்சிச் சொல் தனியாக நின்றால் பாதி வேலைதான் முடியும். அதன் வாலில் ஒரு வசனத்தைக் கட்டிவிட வேண்டும். அது ஒரு கேள்வியாக இருக்கலாம், உதவியாக இருக்கலாம், வாழ்த்தாகவும் இருக்கலாம்.

கல்யாண நாள் என்கிறவரிடம்: “ஓ, ஹவ் லவ்லி! ஹேப்பி ஆனிவர்சரி!” பிள்ளை பாஸ் பண்ணிவிட்டது என்கிறவரிடம்: “வாவ், கன்கிராஜுலேஷன்ஸ்!” கடைசியில் வரும் ‘ஸ்’ஸை விழுங்காதீர்கள், அந்தச் சொல் எப்போதும் அதோடுதான் வரும்.

பனிமூட்டத்தில் உலக முடிவைக் காணாமல் திரும்பியவரிடம்: “ஓ, வாட் எ ஷேம்!” இதைக் கேட்டு நம் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். ‘ஷேம்’ என்றால் வெட்கம் என்று படித்திருக்கிறோமே, விருந்தாளியைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? சொல்லலாம். இந்த வசனத்தில் அது ‘அடடா, இப்படி ஆகிவிட்டதே’ என்கிற இரக்கம். ஆனால் ‘ஷேம் ஆன் யூ’ என்று மாற்றிவிட்டால் வெட்கங்கெட்டவரே என்று திட்டியதாகிவிடும். அதனால் முழு வசனமாகவே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வாலில் சேர்க்க வேண்டிய உதவியும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: அங்கே ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூட்டம் அடைத்துக்கொள்ளும், நாளைக்கு இன்னும் வெள்ளென வான் ஏற்பாடு செய்யட்டுமா என்று கேளுங்கள்.

பெரிய துக்கத்துக்கு வருவோம். “என் கணவர் போன வருஷம் இறந்துவிட்டார், இந்தப் பயணம் அவருடைய ஆசை” என்று ஒரு அம்மா சொல்கிறார். அங்கே “ஓ, ஐ’ம் ஸோ ஸாரி” என்று மெதுவாகச் சொன்னால் போதும். ‘நான் என்ன தப்புச் செய்தேன், எதற்கு ஸாரி?’ என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் உண்டு. மன்னிப்புக்கும் அனுதாபத்துக்கும் இங்கிலீஷில் இந்த ஒரே சொல்தான். இந்த இடத்தில் ‘ஓ நோ!’ என்று குரலை உயர்த்தவும் வேண்டாம், ஒரு வருஷம் கழிந்த துக்கத்துக்கு அது பொருந்தாது.

சரி, பழக்கதோஷத்தில் ‘ஐயோ’தான் வந்துவிட்டது, என்ன செய்வது? ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியே 2016இல் ‘ஐயோ’வைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையில் சில நாள் சுற்றியவர்களுக்கு நம் ‘ஐயோ’வும் சிங்களத்து ‘அனே’யும் காதில் விழுந்து பழகியிருக்கும். “ஐயோ, ஆர் யூ ஆல் ரைட்?” என்று பின்பாதியை இங்கிலீஷில் முடித்துவிட்டால் அது அழகான வசனமே. அதை மறைத்து ‘ஊப்ஸ்’ போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: தலைகீழாகப் போகும் சத்தங்கள்

சொற்களைவிடச் சத்தங்களில்தான் ஆபத்து. நம் வாயில் ஒரு பொருளும் அவர்கள் காதில் வேறு பொருளுமாக இருக்கிற நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது ‘ம்ஹூம்’. நமக்கு அது ‘இல்லை’. வாயை மூடிக்கொண்டு, கடைசியில் குரலை உயர்த்தி ‘ம்ஹ்ம்’ என்று அவர்கள் சொன்னால் அது ‘ஆமாம்’. இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா என்று கேட்கிறவருக்கு நீங்கள் ‘ம்ஹூம்’ என்றால் அவர் சந்தோஷமாகக் குடித்துவிடுவார்! நம் தலையாட்டலும் அவர்களுக்குப் புரியாது. ஆம், இல்லை என்ற விஷயத்தில் மட்டும் சத்தத்தையும் தலையையும் நம்பாமல் ‘யெஸ்’, ‘நோ’ என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, உச்சுக் கொட்டுவது. அட்டை கடித்து இரத்தம் வழியும் காலைக் காட்டுகிறார், நாம் ‘ச்சு ச்சு’ என்று பரிதாபப்படுகிறோம். அவர்கள் ஊரில் அந்தச் சத்தம் கண்டிப்பு. குழம்பைக் கொட்டிய பிள்ளையைப் பார்த்துத் தாய் போடும் சத்தம் அது. கவனமில்லாமல் நடந்தது உன் தப்பு என்று அவர் காதில் விழும். பரிதாபத்துக்கு ‘ஓ டியர்’ என்று சொல்லுங்கள். ‘டியர்’ இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அதில் காதல் எதுவும் இல்லை. அட்டையைப் பார்த்த அருவருப்புக்கு அவர்கள் ‘யக்!’ அல்லது ‘ஈவ்!’ என்பார்கள், அது நம் ‘சீ!’ மாதிரி. ஒருவேளை உங்கள் வீட்டுச் சம்பலைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை ‘யக்’ என்றால் கோபிக்க வேண்டாம், ஆனால் அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைப் பார்த்து நீங்கள் அதைச் சொல்லவே கூடாது.

மூன்றாவது, காது கேட்காதபோது வரும் ‘ஆ?’ உலகில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மொழிகளில் இந்த இடத்துக்கு ஏறக்குறைய ஒரே சத்தம்தான் இருக்கிறது என்று நெதர்லாந்தில் இருந்த மொழியியலாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலீஷிலும் ‘ஹா?’ உண்டு. எனவே புரியும், ஆனால் விருந்தினரிடம் மரியாதை போதாது. “ஸாரி?” என்று குரலை மேலே தூக்கிக் கேளுங்கள். குரல் கீழே இறங்கினால் அதே சொல் மன்னிப்பாகிவிடும்.

நான்காவது, ‘ஸ்ஸ்’ என்றோ ‘ஹேய்!’ என்றோ ஆளைக் கூப்பிடுவது. டீக்கடையில் அது சாதாரணம். வெளியூர்க்காரருக்கு அவமானம். “எக்ஸ்கியூஸ் மீ” ஒன்றே போதும்.

ஐந்தாம் படி: அவர்கள் சொல்வதைத் தப்பாக எடுக்காமல் இருப்பது

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவது, உருட்டுவது என்று நீங்கள் விளக்கிக்கொண்டே போகும்போது பிரிட்டன்காரர் நடுநடுவே “ரைட்... ரைட்” என்பார். நீங்கள் சொன்னது சரி என்று மார்க் போடவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். வெந்நீர் தயார் என்றதற்கு “பிரில்லியன்ட்!” என்பார். உங்கள் அறிவைப் புகழ்வதாக எண்ண வேண்டாம், அது நம் ‘நல்லது’தான். தேநீர்க் கோப்பையை நீட்டும்போது “சியர்ஸ்” என்றால் அங்கே மது எதுவும் இல்லை, நன்றி சொல்கிறார்.

‘ரியலி?’ என்பதுதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். “ரியலி?” என்கிறார். உடனே நம் பையன் சத்தியம் பண்ணாத குறையாக ஆதாரம் சொல்லத் தொடங்குகிறான். அவர் சந்தேகப்படவில்லை. ‘அப்படியா!’ என்கிறார், மேலே சொல்லச் சொல்கிறார். இதே இடத்தில் நாம் சொல்லும் ‘இஸ் இட்?’ இலங்கை இங்கிலீஷில் நன்றாக ஓடும். கொழும்பில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு மட்டும் அது கொஞ்சம் விநோதமாக இருக்கும், அவர்களிடம் ‘ரியலி?’யை வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாக் குளிரில் தும்மாதவர் யார்? தும்மியதும் பக்கத்திலிருப்பவர் “பிளெஸ் யூ” என்பார். பிள்ளை தும்மினால் ‘ஆயுசு நூறு’ என்கிறோமே, அதே வேலை. பதிலுக்கு “தேங்க்யூ” சொன்னால் முடிந்தது.

ஆறாம் படி: தொனி

தொனியை எழுத்தில் சொல்லிக்கொடுப்பது கஷ்டம், ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்து மைதானத்தில் சாயங்காலம் கிரிக்கெட் விளையாடும் பையன்களைக் கேளுங்கள். பந்து காலில் பட்டதும் ‘ஹௌஸாட்!’ என்று ஒரு கத்து. ‘ஹௌ இஸ் தட்?’ என்ற முழு வசனம்தான் இப்படித் தேய்ந்து உணர்ச்சிச் சொல்லாகியிருக்கிறது. கிரிக்கெட் விதிப்படி இப்படிக் கேட்டால் ஒழிய நடுவர் அவுட் கொடுக்க முடியாது. இங்கிலீஷில் ஒரு பந்தி எழுத வராதவன்கூட இதை இங்கிலாந்துக்காரன் மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறான். காரணம், அவன் அதைக் காதால் படித்தான். மற்றவற்றையும் அப்படியே படியுங்கள்.

போனில் உங்கள் குரலைப் பதிவு செய்துகொண்டு ‘ஓ’வை மட்டும் எடுத்துப் பழகுங்கள். குரல் மேலே போனால் ஆச்சரியம். மேலேயிருந்து மெதுவாகக் கீழே வந்தால் ‘ஓஹோ, இப்போது புரிகிறது’. சட்டென்று தட்டையாக வெட்டினால் ஏமாற்றம். அறை இல்லை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் போடும் வெட்டிய ‘ஓ’வைக் கவனித்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. பிறகு ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். அவர் தமிழில் ஒரு செய்தி சொல்லட்டும்: ‘நாளைக்குத் தண்ணி வராது’, ‘அக்காவுக்குப் பிள்ளை கிடைத்திருக்கு’, ‘போனை கிரகரி வாவியில் போட்டுட்டேன்’. நீங்கள் யோசிக்காமல் ஒரு சத்தமும் ஒரு வசனமும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போதே செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

விட்டுவிட வேண்டியவை

படம் பார்த்து இங்கிலீஷ் பழகியவர்களின் வாயில் ‘ஷிட்’, ‘டாம்ன்’, ‘ஜீசஸ்!’, ‘வாட் த ஹெல்’ எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. வேலையிடத்தில் வேண்டவே வேண்டாம். விருந்தினர் சொல்கிறாரே என்றால், அவர் சொல்லலாம், நீங்கள் சொன்னால் வேறு. ‘ஓ மை காட்’ பரவலாக ஓடுகிறது, ஆனால் கடவுள் பெயரை வீணாகச் சொல்கிறார்கள் என்று வருந்துகிற பக்தியுள்ள கிறிஸ்தவர்களும் வருவார்கள். ‘ஓ மை குட்னஸ்’, ‘கோஷ்’ என்று பழகிவிட்டால் யார் முன்னாலும் பயமில்லை.

எழுதும்போது

உணர்ச்சி பலமாக இருந்தால் சொல்லுக்குப் பின் ஆச்சரியக்குறி, அடுத்த வசனம் பெரிய எழுத்தில் தொடங்கும். லேசாக இருந்தால் கமா போட்டுவிட்டு வசனத்தைத் தொடரலாம், அப்போது அடுத்த சொல்லுக்குச் சிறிய எழுத்தே போதும். வசனத்தின் நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா. ‘ஓ நோ’, ‘ஓ டியர்’ போன்ற ஜோடிகளுக்குள்ளே கமா வராது.

தேவாலயத்து ஜெபங்களில் ‘ஓ லோர்ட்’ என்று வரும் ‘ஓ’ வேறு இனம். அது ஒரே எழுத்து, எங்கே வந்தாலும் பெரிய எழுத்து, பின்னால் கமா கிடையாது. அழைப்பதற்கு உரியது அது. வியப்பைக் காட்டும் ‘ஓ’ இரண்டு எழுத்து, ஓ-வும் எச்-சும்.

விண்ணப்பக் கடிதத்திலும் அலுவலகக் கடிதத்திலும் இவை எதுவும் தேவையில்லை. பரீட்சையில் உரையாடல் எழுதச் சொன்னால் ஒன்றிரண்டு போடலாம், நடை உயிர்பெறும். கட்டுரையில் போட வேண்டாம். விருந்தினருக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது தாராளமாகப் போடலாம், ஆச்சரியக்குறி மட்டும் ஒன்றோடு நிற்கட்டும். மூன்று நான்கு அடுக்கினால் கத்துவது போல ஆகிவிடும். காய்ச்சல் வந்து பயணத்தை ரத்து செய்கிறேன் என்று ஒருவர் எழுதினால், பதில் இவ்வளவு போதும்: “ஓ டியர், ஐ’ம் ஸாரி டு ஹியர் தட். நோ ப்ராப்ளம் அபௌட் த ரூம். கெட் வெல் ஸூன்!”